கேள்விப்படாத துடக்கு

உதட்டோரத்தில் மினுங்கிய எண்ணெய்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கோபன்ஹேகன் போகும் வழியில், பெற்றோல் நிலையமொன்றில், எங்கள் வான் வண்டிக்குப் பின்னால் நின்று ஆட்டிறைச்சி ரோலை ஒரு கடி கடித்துவிட்டு அண்ணை சொன்னார்: "மாமி ராத்திரி மோசம் போயிட்டா." சொல்லிவிட்டு மென்றார்.

அண்ணை என்றது என் பெரியப்பாவின் மகனை. குடும்பத்தோடு லண்டனில் இருந்து டென்மார்க் பார்க்க வந்து, பிரெடெரிசியாவில் என் வீட்டில் தங்கியிருந்தார். மாமி அவருடைய மனைவியின் தாய். யாழ்ப்பாணத்தில் படுக்கையில் கிடந்து இப்போது செத்துப்போனவர். அந்த மனைவி, என் அண்ணி, வானுக்குள் இருந்து பிள்ளைகள் இருவருக்கும் கடதாசித் தட்டில் ரோல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தானும் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணிக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"விசரே உனக்கு? சொன்னால் இண்டைக்கு முழுக்க அழுது குழறுவாள். பிள்ளையளின்ர ஹொலிடே பழுதாப் போயிடும். கனால் போட் ட்ரிப்புக்கு டிக்கெட்டும் எடுத்தாச்சு. நாளைக்கு லண்டனில இறங்கினாப் பிறகு சொல்லுவம்."

"செத்தவீடு எப்ப?"

"இண்டைக்குத்தான். எங்களால வர ஏலாது, பிரேதத்தை வைச்சிருக்க வேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான். அவளின்ர ஃபோனையும் பற்றரி பழுது எண்டு சொல்லி ராத்திரியே எடுத்து வைச்சிட்டன்."

"துடக்கெல்லே அண்ணை?"

"கேள்விப்பட்டாத்தானேடா துடக்கு. அவள் கேள்விப்படேல்லை."

துடக்கு என்றால் தீட்டு. சாவு நடந்த வீட்டாரும் இரத்த உறவுகளும் கோயிலுக்குப் போவதில்லை, மச்சம் மாமிசம் தொடுவதில்லை. தூரத்தில் இருப்பவர்களுக்கு, செய்தி காதில் விழுந்த பிறகுதான் அது தொடங்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு சலுகை உண்டு. பாவப்பட்டவர்களுக்காக யாரோ இரங்கிச் செய்துவைத்த சலுகை. அண்ணை அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுலா நடத்தினார். தாய் நடுவீட்டில் கிடக்க, மகள் இறைச்சி ரோல் தின்றுகொண்டிருந்தார்.

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஊரை விட்ட பிறகு எந்த இடத்திலும் கால் தரித்ததில்லை, குடும்பமும் தரிக்கவில்லை. என் அப்பா செத்தபோது நான் உக்ரைன் எல்லைப் பக்கம் ஒரு பாழடைந்த கோழிப்பண்ணைக்குள், எல்லை கடத்திவிடும் வண்டி வரும் என்று பலரோடு அடைந்து கிடந்தேன். செய்தி என்னிடம் வந்து சேர்ந்தபோது முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக் கிரியையும் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. அதில் யாரையும் நோவதற்கில்லை. என்னைத் தேடிப்பிடிக்க யாருக்கும் வழி இருக்கவில்லை. ஒரு வாளி தண்ணீர் அள்ளித் தலையில் ஊற்றிவிட்டுப் போய்ப் படுத்தேன். இப்போது நிலைமை அப்படியில்லை. ஊரில் செத்தவீடு என்றால் கமெராக்காரன் வந்து நேரடியாக ஒளிபரப்புகிறான். டென்மார்க்கில் கோல்டிங்கிலும் விபோர்க்கிலும் எங்கள் சனம் தொலைக்காட்சிக்கு முன்னால் பாய் விரித்து, அங்கே அழுகிற நேரத்தில் இங்கேயும் அழுகிறார்கள். அண்ணிக்கும் அது கிடைத்திருக்கும். இன்றைக்கு விட்டால், அந்த முகத்தை எரிந்து முடிந்த பிறகுதான் பார்ப்பார்.

வழியில் வரும் பெரிய கடற்பாலம் கடக்குமுன் அண்ணை சொல்லிவிடுவார் என்று நினைத்து ஓட்டினேன். பாலம் கடந்தோம். நகரத்துக்குள் நுழைந்தோம். அண்ணை முன் இருக்கையில் இருந்து வாசனைத் தண்ணீர் மணக்க மணக்க, எந்த மாளிகையை எந்தப் பக்கத்தில் நின்று படம் எடுப்பது என்று பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டு வந்தார்.

கடற்கன்னிச் சிலையடியில் ஒரே சனம். அண்ணை ஆட்களைத் தோளால் விலக்கி எங்களைப் படத்துக்கு வரிசையாக நிறுத்தினார். அண்ணி சிலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இஞ்சருங்கோ, அம்மாவுக்கு ஒரு வீடியோ கோல் எடுங்கோவன். உடுப்பில்லாத பொம்பிளையைப் பாக்கவோ இவ்வளவு தூரம் போனனீங்கள் எண்டு கேப்பா."

"அங்க கரண்ட் இல்லையாம். பின்னேரம் எடுப்பம். மாமி எங்க, எழும்பி ஓடியே போகப்போறா?"

சொல்லிவிட்டு அண்ணை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பன்றி வெட்டும் தொழிற்சாலையில் இரண்டு குளிர்காலம் குடல் கழுவியிருக்கிறேன். அங்கே ஒட்டாத அழுக்கு அந்தக் கண்ணடிப்பில் என்மேல் ஒட்டியது. அவருடைய கூட்டாளியாக என்னையும் சேர்த்துவிட்டார் அல்லவா. வரிசையை விட்டு விலகி அண்ணிக்கு முன்னால் போய் நின்றேன்.

"அண்ணி, உங்கட அம்மா ராத்திரி மோசம் போயிட்டா. இப்ப வீட்டில கிரியை நடக்குது. உங்கட ஃபோன் அண்ணையிட்ட இருக்கு."

அவர் குழறவில்லை. என் முகத்தையும் அண்ணையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் இறைச்சியெல்லே திண்டனான், தம்பி" என்றார். மகளின் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை வாங்கிக் கற்களுக்குள் வாய் கொப்பளித்தார். திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். பிறகு அண்ணையிடம் கையை நீட்டினார்.

"நான் உனக்காகத்தானப்பா..." என்று அண்ணை தொடங்கினார்.

"ஃபோன்."

அண்ணி ஃபோனில் செத்தவீட்டு ஒளிபரப்பைத் திறந்துகொண்டு கரையில் ஒரு கல்லில் இருந்தார். பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டார்கள். திரையில் பிரேதப் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். அண்ணியின் விரல்களும் வெறுமையைக் கிள்ளித் திரைக்கு மேலே விட்டன. படத்துக்கு மறைக்கிறது, கொஞ்சம் தள்ளி இருக்க முடியுமா என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டார். இந்தப் பெண்ணின் தாய் இறந்துவிட்டார் என்று டேனிஷில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அகன்றார். அண்ணையோ மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார்.

பெட்டியைத் தூக்கினார்கள். முற்றம் கடந்து தெருவாசல் படலைக்கு வந்ததும் பெண்கள் அங்கேயே நின்று தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆண்கள் தெருவில் இறங்கினார்கள். கமெராவும் அவர்களோடு இறங்கியது. அப்போது அண்ணி எழுந்தார்.

"பொம்பிளையள் படலைக்கு அங்கால போறேல்லை" என்று சொல்லி, ஃபோனை அண்ணையிடம் நீட்டினார். "நீங்கள் மருமகன். சுடலைக்கு நீங்கள்தான் போகவேணும்."

"இதென்ன விளையாட்டு? ட்ரிப்புக்கு நேரமாகுது."

"நெருப்பு வைச்சு முடியுமட்டும் நில்லுங்கோ. சப்பாத்தோட போறேல்லை. கழட்டுங்கோ."

குரல் உயரவில்லை. ஆனால் பிள்ளைகள் இருவரும் தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணை குனிந்து சப்பாத்தைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார். ஈரக் கல்லில் வெறுங்காலோடு, இரண்டு கையாலும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, திரையில் மாமியாருக்குப் பின்னால் சுடலைவரை போனார். அவர் தலை நிமிர்ந்தபோதெல்லாம் அண்ணி, "இன்னும் வைக்கேல்லை, பாருங்கோ" என்றார்.

அந்தக் குடும்பம் கோபன்ஹேகனில் வேறெதையும் பார்க்கவில்லை. அதன் பிறகு அண்ணை என்னோடு கதைப்பதில்லை. ஒரு பிரயோசனம் இல்லாதவன் பிள்ளைகளின் விடுமுறையைக் குழப்பிவிட்டான் என்று லண்டனில் எல்லாக் கொண்டாட்டங்களிலும் சொல்லித் திரிகிறாராம். சிலைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தியதையும், வீணாய்ப் போன டிக்கெட்டையும் விவரமாகச் சொல்வாராம். சப்பாத்துக் கழற்றிய இடம் மட்டும் அந்தக் கதையில் வருவதில்லையாம்.