லாரிப் பட்டறையில் ஒரு பாய்மரம்

எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ்ஸில் மூன்று மணி நேரம் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், எட்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், பழைய பாய்மரப் படகு ஒன்றைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டேன் என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கல்யாணமான புதிதில் என் கணவரே, ஏதோ சினிமாவில் பார்த்ததைச் சொல்கிறேன் என்றுதான் நினைத்தார்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமு, வேங்கிக்கால் தாண்டி லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தெரியாத வேலையைத் தெரியாது என்று திருப்பி அனுப்பும் பழக்கம் அவரிடம் கிடையாது. பள்ளிவாசல் கதவு, குதிரை வண்டி, சர்க்கஸ்காரர்களின் கூண்டு, எது வந்தாலும் ஒப்புக்கொள்வார். வந்தவர் கிளம்பிப் போன பிறகுதான் அதை எப்படிச் செய்வது என்று யோசிப்பார். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர், கடலூர்ப் பக்கம் விறகுக்கு உடைக்கவிருந்த படகை வாங்கிவிட்டு, பழையபடி ஆக்கித் தர முடியுமா என்று கேட்டபோதும் மாமு அப்படித்தான் தலையாட்டினார்.

படகு வந்த நாள் பௌர்ணமி. அதை மாமு மறந்துவிட்டார். கிரிவலக் கூட்டம் ஊரை அடைத்துக்கொண்டிருந்ததால் ட்ரெய்லரை போலீஸ்காரர்கள் ஊர் எல்லையிலேயே ஓரங்கட்டினார்கள். வெளியூர்களிலிருந்து வந்து இறங்கி நடந்தவர்கள், இது ஐயங்குளத்துத் தெப்பத் திருவிழாவுக்காக வந்திருக்கிறது என்று தாங்களாகவே முடிவு செய்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது படகின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. என் அப்பா, நாங்கள் அத்தா என்போம், பார்த்துவிட்டுச் சிரித்தார். மாமு அதைத் துடைக்க விடவில்லை. ஆசையாக வைத்தது, தானாகப் போகும்போது போகட்டும் என்றார்.

எங்கள் பள்ளித் தலைமையாசிரியைக்கு, பிள்ளைகள் விடுமுறையில் கையால் ஏதாவது செய்து பழக வேண்டும் என்று ஒரு எண்ணம். அவர் மாமுவைக் கேட்க, வெல்டிங் நடக்கும் லாரிப் பக்கம் வேண்டாம், படகு வேலைக்கு வரட்டும் என்று மாமு சொல்லிவிட்டார். ஐந்து பேர் போனோம். நான், என் வகுப்புத் தோழி, ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர். முதல் நாளே அந்தப் பையன்களில் ஒருவன், இது மறுபடி கடலுக்குப் போகுமா என்று கேட்டான்.

"படகு வேற எங்கடா போவும்?" என்றார் மாமு.

அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

முதல் வாரம் முழுக்கச் சுரண்டினோம். நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் சிவப்பு, அதற்கும் அடியில் மீன் எண்ணெய் ஊறிக் கறுத்த மரம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முதலாளி இருந்திருப்பான் என்று தோழி சொன்னாள். யார் அவர்கள், எதை ஏற்றிக்கொண்டு எந்த ஊருக்குப் போனார்கள் என்று வேலை நேரம் முழுவதும் கற்பனை செய்தோம். உள்பக்கக் கட்டைகளின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நான் நக்கிப் பார்த்தேன். உப்பு. அது கடல் உப்பா, இல்லை ஏற்றிப் போன சரக்கா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டோம். கடைசியில் ஐந்து பேரும் நக்கிப் பார்த்தும் முடிவு தெரியவில்லை.

சுரண்டி முடித்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் என் பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி. எங்கள் ஊர் வெயில் மரத்தை அப்படிச் சுருக்கியிருந்தது. லாரிக்கு அடிப்பது போல பட்டி பூசி மூடிவிடலாம் என்று மாமு நினைத்தார். நல்லவேளையாக, படகை விற்றவர் கொடுத்திருந்த எண்ணில், கடலூரில் படகு கட்டும் ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டார். ஸ்பீக்கரில் அவர் போட்ட சத்தத்தில் பட்டறையே நின்றுவிட்டது. பட்டி பூசினால் தண்ணீரில் இறக்கிய அன்றே உரிந்து விழும், பருத்தித் திரியை இடுக்கில் வைத்து அடித்து இறுக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூச வேண்டும் என்றார். அதற்கு கலப்பத்து என்று பெயர் சொன்னார். அந்தச் சொல்லை நாங்கள் அன்று முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

திரி வாங்க என்னைத்தான் அனுப்பினார்கள். கோயில் பக்கத்தில் விளக்குத் திரி விற்கும் கடையில் போய் நான்கு கிலோ கேட்டேன். கடைக்காரர் என் தலையில் இருந்த முக்காட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தினி திரி எதுக்குமா? யாருக்கு வேண்டுதல்?"

படகுக்கு என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் நிறுத்துக் கொடுத்தார்.

மாமு பழைய லாரிப் பட்டையை அறுத்து ஆளுக்கொரு மொட்டை உளி செய்து கொடுத்தார். இரண்டு மூன்று நாளில் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கப் பழகிவிட்டோம். திரி நிறையாத இடத்தில் சுத்தியல் டொக்கு என்று வாங்கும். நிறைந்துவிட்டால் கல்லில் அடித்தது போல கணீர் என்று திருப்பிக் கொடுக்கும். அந்தக் கணீரைக் கேட்பதில் ஒரு வெறியே பிடித்தது. வீட்டில் சாப்பாட்டு மேசையைக்கூடத் தட்டிப் பார்த்து அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

ஆளுக்கு இரண்டு வரிசை பிரித்துக்கொண்டோம். என் கடைசி வரிசை, அடிக்கட்டையிலிருந்து இரண்டாவது. அதில் ஒரு சாண் மிச்சமிருக்கும்போது திரி தீர்ந்துபோனது. மற்ற நான்கு பேரும் முடித்துவிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக முடித்தவள் என்று பெயர் எடுக்க எனக்கு மனமில்லை. கிரீஸ் துடைக்கும் வேஸ்ட்டை, பழைய நூல் கழிவை, எடுத்துத் திணித்து, இரண்டு தட்டுத் தட்டி, மேலே குங்கிலியத்தைத் தடவிவிட்டேன். பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஒழுகுகிறதா என்று பார்க்க, படகுக்குள்ளேயே தண்ணீர் ஊற்றச் சொன்னார் ஆசாரி. கடல் இல்லாத ஊருக்கு அதுதான் வழி. மாமு ஒரு டேங்கர் தண்ணீர் வரவழைத்தார். மே மாதம். தெருக்குழாயில் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். பக்கத்துத் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு வந்து நின்று, மனுஷனுக்கு இல்லாத தண்ணீர் மரத்துக்கா என்று கேட்டார்கள். சோதனை முடிந்ததும் அத்தனையும் உங்களுக்குத்தான் என்று மாமு சொல்லிச் சமாளித்தார்.

முட்டளவு தண்ணீர் ஏறியதும் படகு எல்லாப் பக்கமும் ஒழுக ஆரம்பித்தது. ஒரு வரிசை பாக்கியில்லை. பையன்கள் ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள். தோழி அழுதேவிட்டாள். நான் செய்த ஒரு சாண் திருட்டு மொத்தப் படகையும் கெடுத்துவிட்டது என்று நம்பினேன். மாமு போன் போட்டார்.

"அழுவட்டும் விடுங்க பாய்," என்றது கடலூர்க் குரல். "காஞ்ச மரம், தண்ணி குடிக்கணும். ரெண்டு நாள்ல தானா அடங்கிடும்."

அவர் சொன்னது போலவே நடந்தது. மரம் ஊற ஊற, திரி இறுகி, ஒவ்வொரு வரிசையாக நின்றது. காலையில் ஓடிப் போய் எது நின்றது, எது நிற்கவில்லை என்று எண்ணுவோம். மூன்றாம் நாள் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. மாமு கீழே படுத்து, விரலால் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இது யாரு அடிச்ச லைனு?"

மற்றவர்கள் தங்கள் வரிசையை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமு என்னைப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான்தான் மாமு. திரி தீந்துபோச்சு. வேஸ்ட வெச்சி அடச்சிட்டேன்."

அதைக் கெல்லி எடுத்துவிட்டு மறுபடி அடி என்றார். அடித்தள அடைப்பைத் திறந்துவிட்டார். பெண்கள் குடம் குடமாகத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் மறுபடி கடைக்குப் போய்த் திரி வாங்கி வந்தேன். படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து, அந்த ஒரு சாணைக் கெல்லி எடுத்துவிட்டு, காலையிலிருந்து மத்தியானம் வரை அடித்தேன். கண்ணில் தூசி விழுந்தது, தோள் கழன்றது. கணீர் என்ற பிறகும் சந்தேகப்பட்டு அடித்தேன். மாமு இன்னொரு டேங்கர் சொன்னார். இந்த முறை நான்காம் நாள் காலையில் படகின் அடியில் தரை காய்ந்திருந்தது. பாய்மரத்தை நட்டு, அதன் உச்சிக்கு ஏறிய பையன், அங்கிருந்து மலை வேறு மாதிரி தெரிகிறது என்று கத்தினான்.

பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்து விடுதியின் புதுத் தோட்டத் திறப்புக்கு எங்கள் ஐந்து பேரையும் மாமு கூட்டிப் போனார். தோட்டத்தில் மணல் கொட்டி, அதில் படகைப் பாதி புதைத்திருந்தார்கள். ஒரு பக்கத்தை இடுப்பளவுக்கு அறுத்து ஜூஸ் கொடுக்கும் மேடையாக மாற்றியிருந்தார்கள். உள்ளே பாத்திரம் கழுவும் தொட்டி. அதன் குழாய் அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கியது. என் வரிசைக்கு நான்கு விரல் தள்ளி அந்தத் துளை. வேலை கொடுத்த அன்றே விடுதிக்காரர் படம் வரைந்து காட்டியிருக்கிறார். அறுத்ததும் துளைத்ததும் மாமுவின் ஆட்கள்தான்.

எல்லோருக்கும் தர்பூசணி ஜூஸ் கொடுத்தார்கள். நான் தொடவில்லை. மாமுவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"இது கடலுக்குப் போவாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு என்னைத் திரும்ப அடிக்கச் சொன்னீங்க?"

மாமு பதிலைத் தேடியவர் போலத் தெரியவில்லை. நான் கேட்டதுதான் அவருக்கு விளங்காதது போல என்னைப் பார்த்தார்.

"ஒழுவுச்சே," என்றார்.

அவர் மழுப்புகிறார் என்று நினைத்து, நோன்புப் பெருநாள் வரும் வரை நான் அவரோடு பேசவில்லை.