வெட்டாத வரப்பு

"ஐப்பசி 21. மூன்றாம் நாளும் பயிர் தண்ணீருக்குள். மேல் வயல்காரர் தன் வரப்பை எங்கள் பக்கம் வெட்டிவிடவில்லை. மாலையில் வடிந்தது. அய்யனார் காத்தார்."

இது பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய டைரிக் குறிப்பு. சென்ற ஐப்பசியில், சம்பா நட்ட இருபத்திரண்டாம் நாள், மழைத்தண்ணீர் எங்கள் வயலை மூடியபோது தேடி எடுத்தேன். பயிர் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. தண்ணீர் மூடி அன்று இரண்டாம் நாள். நுனி மட்டும் வெளியே நின்றது.

மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

"சாமி காத்துச்சு, சரி. அதுக்காக டைரிய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்களா? கீழ் வரப்புல நாலு வெட்டு வெட்டுங்க, வடிஞ்சிரும்."

வடியும்; கீழ் வயலுக்குள் வடியும். அதைக் குத்தகைக்கு எடுத்திருந்த பெண் பிந்தி நட்டிருந்தார். பத்து நாள் பயிர். வாடகை இன்ஜின் வைத்து, தளும்பிக்கொண்டிருந்த வடிகாலுக்கே இறைத்துக்கொண்டிருந்தார்.

மம்மட்டியோடு வரப்பில் ஏறினேன். அவர் நேரே வந்தார்.

"என்னண்ணே, மம்மட்டியக் காத்து வாங்கக் கூட்டிக்கிட்டு வந்தீங்களா?"

மம்மட்டியை வரப்பில் ஊன்றினேன்.

"வெட்டுனா ஒங்க பயிரு பொழைக்கும். எம்பயிரு நாளைக்கு மிதக்கும். தடுக்க எனக்குத் தெம்பு இல்ல. வெட்டிக்குங்க."

அய்யனார் காத்ததைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். மேல் வயல்காரர் வெட்டாததை ஒருவரிடமும் சொன்னதில்லை. தன் பயிர் மூழ்கிக் கிடக்க அவரும் இப்படித்தான் நின்றிருப்பார். அன்று காத்த அய்யனார் இன்றும் காப்பார் என்று நம்பினால் நான் வெட்டக்கூடாது. நம்பாவிட்டால் வெட்டலாம். பிறகு மம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் காலை நுனியும் தெரியவில்லை. "அய்யனாரே" என்றதற்கு மேல் எனக்கு வேண்டுதல் எதுவும் எழவில்லை. பகல் முழுவதும் வடிகால் அசையாமல் கிடந்தது. மாலை நான்கு மணிக்கு மேல் அதில் மிதந்த சருகு ஒன்று கிழக்கே நகர்ந்தது. இருட்டுவதற்குள் நுனிகள் வெளிவந்தன. பள்ளத்தில் இருந்தது அழுகிவிட்டது, மற்றது தேறியது. கீழ் வயலும் தப்பியது.

இந்த முறையும் டைரியில் அய்யனார் காத்தார் என்றே எழுதினேன். வடிகால் எப்படி இழுத்தது என்பதை எழுத அதன் கீழே இடம் விட்டிருக்கிறேன். கடல் ஏற்றம் இறங்கி வடிகால் நீரை வாங்கிக்கொண்டது என்கிறார்கள் சிலர். வடிகால் பாலத்தடியில் அடைத்திருந்த ஆகாயத்தாமரையை யாரோ இறங்கி அகற்றினார்கள் என்கிறார்கள் வேறு சிலர். இறங்கியவரைப் பார்த்ததாகச் சொல்பவர் எவரையும் இதுவரை சந்திக்கவில்லை. எதுவும் உறுதியாகவில்லை; அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.