எதிர் வாசல் பள்ளிக்கூடம்

மேற்கு மாம்பலத்தில் நான் மழலையர் பள்ளி தொடங்கி இரண்டு வருடம் கழித்துத்தான் அந்த அம்மா எதிர் வீட்டுக் கார் ஷெட்டில் பள்ளி தொடங்கினார். நெடுநெடுவென்ற உருவம், கஞ்சி மொடமொடக்கும் பருத்திப் புடவை. பெற்றோர் யார் வந்தாலும் குழந்தைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துதான் பேசுவார். நடிப்பு என்று நினைப்பேன்.

கார் ஷெட் நான்கு மாடிக் கட்டடமானது. பிளஸ் டூவும் வந்தது. ஒவ்வொரு தளம் எழும்பும்போதும் எனக்கு வயிறு எரிந்தது. அட்மிஷன் நாட்களில் அவர் வாசல் வரிசையை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே இருந்திருக்கிறேன்.

கடைசியில் என்னிடம் ஒன்பது குழந்தைகள்தான் மிஞ்சினார்கள். பள்ளியை மூடிவிட்டு, அவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கப் போனேன்.

"ஒன்பது பேரையும் சேத்துக்கறேன் மேடம்" என்றார் உடனே. பிறகு தயங்கி, "உங்க பசங்க காலையில பாடறது எங்க கிளாஸ் வரைக்கும் கேக்கும். எங்க பசங்க அப்படிப் பாடினதே இல்ல. எவ்வளவு பொறாமைப்பட்டிருக்கேன் தெரியுமா? நீங்களே வந்து சொல்லித் தாங்களேன்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். போகவில்லை. அவர் சொன்னது நிஜமா, வெறும் ஆறுதலா, இன்னும் தெரியவில்லை. தன் பொறாமையை அவ்வளவு சுலபமாக வாய்விட்டுச் சொல்ல அவரால் முடிந்ததே, இப்போது அதுதான் எனக்குத் தாங்கவில்லை.