தண்ணீருக்கடியில் டாங்கி ஓட்டப் பழக்கியது

ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் சாலையில் போகிறவர்களுக்காகப் பயப்படுவான். டாங்கி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் சாலைக்காகவே பயப்பட வேண்டியிருக்கும். மற்றபடி இரண்டும் ஒரே தொழில்தான். மச்சினனையோ மனைவியையோ ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கள் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துப் பார்த்தவர்கள் என் கஷ்டத்தைச் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள்.

பழவேற்காட்டிலிருந்து பஸ், பொன்னேரியிலிருந்து ரயில் என்று போய், டாங்கி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சோதனை ஓட்டுநர்களைப் பழக்குவது என் வேலையாக இருந்தது. புது வண்டியை மேட்டிலும் பள்ளத்திலும் சேற்றிலும் ஓட்டி அதன் குறைகளைக் கண்டுபிடிப்பவர்கள் இவர்கள். அப்படிப் பழக வந்தவன் பசியாவரத்து ஏழுமலை. பழவேற்காட்டு ஏரிக்கு நடுவே தீவில் வீடு. அதுவரை பெயின்ட் கொட்டகையில் இருந்தான்; அந்த நெடி நெஞ்சில் தங்கி இருமல் ஆகிவிட்டது. எல்லா ஓட்டங்களிலும் தேறினால் ஓட்டுநர் வேலை நிச்சயம். ஒன்றில் தவறினாலும் பெயின்ட் கொட்டகைக்கே திரும்ப வேண்டும். அவன் இருமலை ஒரு தடவை கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பலகை

அறுபது டன் வண்டி சேற்றில் புதையாமல் போகும் என்று நான் சொன்னதை ஏழுமலை நம்பவில்லை. "எங்க ஏரில ஆளே முட்டி வரைக்கும் எறங்குறான், பாய்" என்றான். ஒரு மாலை ஏரியில் தண்ணீர் குறைந்து, அவன் ஊர்ப் படகு கரையிலிருந்து தள்ளியே நின்றது. நிரூபிக்க நல்ல இடம் என்று நினைத்து, அலுவலக ஷூவோடு சேற்றில் ஒரு காலை வைத்தேன். கணுக்காலுக்கு மேல் போய்விட்டது. பிறகு படகில் கிடந்த பலகையை வாங்கிப் போட்டு அதன் மேல் நின்றேன். அசையவில்லை.

"டாங்கியின் சங்கிலிப் பட்டை இதுதான்" என்று ஆரம்பித்தேன். "முன்னால் தானே பலகையைப் போட்டுக்கொண்டு, பின்னால் தானே எடுத்துக்கொண்டு போகிறது. எடை முழுக்கப் பரவிவிடுவதால், ஓர் இடத்தில் பார்த்தால் கார் சக்கரம் அழுத்துவதைவிடக் குறைவாகத்தான் அது நிலத்தை அழுத்தும்." பாடம் எனக்கே திருப்தியாக இருந்தது. படகுக்காரர் என் காலையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பலகை முழுகல, கரெக்ட்டு. இந்தப் பாடத்த ஷூவு முழுகறதுக்கு முன்னாடி எடுத்திருக்கலாம், பாய்."

சுவர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழுமலையும் அவன் மனைவி வள்ளியும் கடைவீதிக்கு வந்திருந்தார்கள். நான் விடாமல், டச்சுக்காரர்கள் கட்டிய ஒல்லாந்தர் கோட்டைக்கு அழைத்துப் போனேன். கோட்டை என்று சொன்னால்தான் தெரியும். முள்ளுக்கும் புதருக்கும் நடுவே கொஞ்சம் செங்கல், சுற்றிலும் அகழியின் பள்ளம். இங்கே வெடிமருந்து அரைத்துக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள் என்று சொல்லிவிட்டு, என் பாடத்துக்கு வந்தேன். சண்டைக்கு மூன்று வேண்டும்: அடிக்க வேண்டும், அடி தாங்க வேண்டும், இடம் மாற வேண்டும். கோட்டையிடம் முதல் இரண்டு இருந்தன. மூன்றாவதையும் சேர்க்கப் பார்த்ததுதான் டாங்கி. முதலில் வந்தவை ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தன. எதிரியின் குண்டு பெரிதாக, தகடு தடித்தது; தகடு தடிக்க, எடை ஏறியது; எடை ஏற, எஞ்சின் வளர்ந்தது. கடைசியில் இரும்பு மட்டும் போதாமல், நடுவில் பீங்கானை வைத்து அடுக்கடுக்காகக் கவசம் செய்ய ஆரம்பித்தார்கள்.

வள்ளி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "இவ்ளோ மருந்து அரைச்சி, இவ்ளோ செவுரு கட்டினவன் ஏன் பாய் வுட்டுட்டுப் போனான்?" என்றாள். என்னிடம் அதற்கு ஆறேழு காரணங்கள் உண்டு. வியாபாரம் நாகப்பட்டினத்துக்கு நகர்ந்தது, இங்கிலீஷ்காரன் கை ஓங்கியது என்று இரண்டைச் சொல்வதற்குள் அவள் புதருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். "யாபாரம் போச்சின்னா போய்டுவான். அப்ப செவுரு இன்னாத்துக்கு?"

ஆடாத பீரங்கி

மேடு பள்ள ஓட்டத்தில் ஏழுமலை நன்றாகத் தேறினான். வண்டி குதிரை மாதிரி எகிறும். பீரங்கி மட்டும் குறி வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சுழலும் கருவி ஒன்று உணர்ந்து சொல்ல, மோட்டார் அந்தக் கணமே பீரங்கியை எதிர்ப்பக்கம் நகர்த்திவிடும். அன்று ஏழுமலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், வள்ளியிடம் இதைப் பெருமையாக விளக்கியிருக்கிறான். அவள் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டதை மறுநாள் என்னிடம் சொன்னான்: "பீரங்கி ஆடாம இருக்க வழி கண்டுபுட்ச்சாங்க, செரி. உள்ள குந்தினுகீற புருசனுக்கு ஒண்ணும் கண்டுபுடிக்கலியா?"

கால் பேச்சைக் கேட்கவில்லை

கடைசியாக மிஞ்சியது ஆழநீர் ஓட்டம். டாங்கியின் இடுக்குகளை எல்லாம் அடைத்து, மேலே நெட்டையாக, ஆள் நுழையும் அகலத்தில் ஒரு காற்றுக் குழாயைப் பொருத்தி, குளத்துக்குள் இறக்குவோம். வண்டி முழுக்க முங்கிவிடும். குழாய் மட்டும் வெளியே தெரியும். ஓட்டுநருக்குக் கண்ணாடியில் கலங்கல் தவிர ஒன்றும் தெரியாது. குழாயின் உச்சியில் உட்கார்ந்திருப்பவர் ஒயர்லெஸ்ஸில் வழி சொல்ல, அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். மீறக்கூடாத விதி ஒன்றுதான்: நிறுத்தக் கூடாது. புகை வெளியேறும் வாயில் ஒருவழி மூடி இருக்கிறது. எஞ்சின் ஊதிக்கொண்டே இருந்தால் தண்ணீர் உள்ளே வராது. ஊதல் தளர்ந்தால் வரும்.

ஏழுமலை நிறுத்தினான். முழுக்க முங்காத பயிற்சிக் குளத்திலேயே, ஒவ்வொரு தடவையும், அடி மெத்தென்று ஆகிற இடத்தில் வண்டி தயங்கும், எஞ்சின் இருமும், மேலே என் உயிர் போய் வரும். ஏரியில் வளர்ந்தவனின் பழக்கம் அது. அடி இளகினால் நின்று, காலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் அடுத்த எட்டு வைப்பார்கள். சேற்றுக்குள் கெளுத்தி மீனின் முள் இருக்கலாம். கரும்பலகையில் ஒருவழி மூடியைப் படம் வரைந்து காட்டினேன். குறுக்குவெட்டுத் தோற்றம் கூடப் போட்டேன். அவன் மரியாதையாக முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "தலைக்கு நல்லாவே புரியுது, பாய். காலுக்குத்தான் நீங்க சொல்லித்தரணும்."

பறி

தேர்வுக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரி இறால் வாங்கிவரச் சொன்னதால் நானே பசியாவரம் போனேன். வள்ளி இன்னும் தண்ணீரில்தான் இருந்தாள். கையால் இறால் பிடிப்பவர்கள் ஏரியில் உட்கார்ந்தபடியே நகர்வார்கள். இரண்டு கையும் சேற்றைத் துழாவும். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறி பல்லில் தொங்கும். கரையில் ஏழுமலை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அவள் கரையேறிப் பறியை வாயிலிருந்து எடுத்ததும் விஷயத்தைச் சொன்னோம்.

"இதுவா? உன் வாய் சும்மா கீது, அதான் கால் நிக்கிது" என்றாள் புருஷனிடம். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் விளக்க முயன்றேன். தாடைத் தசை வேறு, கால் தசை வேறு. அவள் எனக்கு இறாலை அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நீங்க பறியக் கடிச்சினு ஒரு தபா எறங்கிப் பாருங்க, பாய். பல்லு வலிக்கிற வலிக்கு எப்படா கரை வரும்னு ஒடம்பே இழுத்துனு போவும்."

ம்ம்

தேர்வன்று மேலே வழி சொல்கிறவன் நான். குளம் மூடிக்கொண்டது. "நேராகப் போ" என்றேன். பதில் இல்லை, "ம்ம்" என்று ஒரு சத்தம் மட்டும். "கொஞ்சம் இடது" என்றேன். மறுபடி "ம்ம்". ஓட்டுநர் பேசவில்லையென்றால் மயக்கமாக இருக்கலாம். உடனே கரைக்குச் சொல்லிவிட வேண்டும், அவர்கள் கம்பி வடத்தால் இழுத்துவிடுவார்கள். இழுத்தால் ஏழுமலைக்குப் பெயின்ட் கொட்டகைதான். சொல்லாமல் விட்டு, அவன் நிஜமாகவே மயங்கியிருந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். கரைக்குச் சொல்லும் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு திசைமானியைப் பார்த்தேன். வண்டி நான் சொன்ன அளவுக்கு, சரியாக, இடதுபக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அடி இளகுவது எனக்கே தெரிந்தது. எஞ்சின் சத்தம் தாழவில்லை. விரலை எடுத்தேன்.

கரையேறி, ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள மூடியைத் திறந்தபோது ஏழுமலையின் வாயில் முறுக்கிய துண்டு இருந்தது. அதைப் பல்லிலிருந்து பிரிக்கவே அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தேர்வு அதிகாரிக்குக் கோபமான கோபம். ஓட்டுநர் இப்படிச் செய்யலாமா என்று என்னைத்தான் கேட்டார். விதிப்புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தவன் அந்தப் பிரிவில் நான் ஒருவன்தான். உள்ளே புகைக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது என்று இருக்கிறது. துண்டைக் கடிக்கக் கூடாது என்று எங்கும் இல்லை என்றேன். அவர் குளத்தைப் பார்த்தார், ஏழுமலையைப் பார்த்தார், நனைந்த துண்டைப் பார்த்தார். "வண்டி எங்கேயும் நிக்கல, அதனால பாஸ். அடுத்த தடவை பதில் சொல்றதுக்குத் தனியா ஒரு வாய் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

டாங்கியின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கையேடும் ஒரு மாற்று உதிரியும் உண்டு, உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவனைத் தவிர.