பேர் மாறியது, பேச்சு மாறவில்லை

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நல்லதாக ஒரு சொலவடையைப் போட்டுவிட்டால் எனக்கு இறங்கவே மனசு வராது. நிறுத்தம் தாண்டிப் போனாலும் போகட்டும், அடுத்தது என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிடுவேன். பள்ளிப் படிப்போடு நின்றவள் நான். இங்கிலீஷும் கம்ப்யூட்டரும் நானாகத் தட்டுத் தடுமாறிக் கற்றவை. மிச்சம் எனக்குத் தெரிந்ததெல்லாம் சனங்களின் வாயிலிருந்து வந்தது.

கிரிவல மலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில் ஒரு மாடி வீட்டில் நடக்கும் எங்கள் சிறிய தொண்டு நிறுவனத்தில் அந்த வேலையை என் தலையில் கட்டியதற்கும் அதுதான் காரணம். "நீ எழுதினால்தான் பேசுகிற மாதிரி இருக்கும்" என்றார்கள். பெண்கள் உரிமை உடன்படிக்கை பற்றி ஓர் ஆன்லைன் பயிற்சி. கிராமங்களில் வளர்ச்சித் திட்டங்களைப் பார்க்கும் பணியாளர்கள் செல்போனிலேயே பாடம் கேட்டு, அந்த உடன்படிக்கைக்கு அறிக்கை எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பெண் என்பதற்காக யாரையும் ஒதுக்கிவைக்க விடமாட்டோம் என்று நம் நாடும் இன்னும் பல நாடுகளும் ஐ.நா. சபையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கு அது. சில வருடங்களுக்கு ஒருமுறை ஜெனீவாவில் ஒரு குழு கூடி, "சொன்னீர்களே, செய்தீர்களா?" என்று கேட்கும். அரசாங்கம் ஓர் அறிக்கை கொடுக்கும். பெண்களோடு வேலை செய்யும் அமைப்புகளும் தங்கள் பங்குக்குத் தனியாக ஓர் அறிக்கை கொடுக்கலாம். அது எதற்கு என்று கேட்பவர்களுக்காக முதல் பாடத்தில் இப்படி எழுதியிருந்தேன்: "கட்டிக் கொடுத்த பொண்ணு எப்படி இருக்கான்னு மாப்பிள்ளை வீட்டுல மட்டும் கேட்டா, ராணி மாதிரி இருக்கான்னுதான் சொல்லுவாங்க. பொண்ணுகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும் இல்லையா?"

சோதனைக்காகச் சில பணியாளர்களை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்திருந்தோம். முதல் பாடம் முடிந்த அன்று வீடியோ கூட்டத்தில் ஒருவர் கையைத் தூக்கினார்.

"மேடம், தாலுகா ஆபீஸ்ல ஒரு கையெழுத்து வாங்கவே எங்க செருப்பு தேயுது. நீங்க ஜெனீவாவுக்கு எழுதுன்றீங்க. கூரை ஏறிக் கோழி புடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்!"

எல்லோரையும்விட நான்தான் ஜாஸ்தி சிரித்தேன். "சார், இதை அடுத்த பாடத்துல போட்டுக்கட்டுமா?" என்றேன். போட்டும்விட்டேன்.

மூன்றாவது பாடம்தான் இந்தப் பயிற்சிக்கு உயிர். ஒரு பெண் தன் வாயால் சொல்வதைக் கேட்டு, அதை அறிக்கையில் ஒரு பத்தியாக எழுதுவது எப்படி என்கிற பாடம். அதற்கு நிஜமாக நடந்த ஒன்று வேண்டும். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பயிர் வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, என்று வைத்துக்கொள்ளுங்கள். புருஷன் போன பிறகு விதைப்பதிலிருந்து மூட்டை கட்டுவது வரை அந்த நிலத்தில் எல்லாம் அவர்தான். பட்டாவில் மட்டும் அவர் பேர் இல்லை. புருஷனுடைய பங்கு கொழுந்தன்கள் இருவரோடு சேர்ந்த கூட்டுப் பட்டாவில் இருந்தது. வாரிசு என்று தன் பேரையும் மகள் பேரையும் ஏற்றச் சொல்லி அவர் மனுக் கொடுக்க, கொழுந்தன்கள் ஆட்சேபம் சொல்ல, அது இழுத்துக்கொண்டே கிடந்தது. உறவுக்காரர்கள் பேசிப் பேசி, "சரி, அடுத்த விசாரணையில சம்மதம்னு எழுதிக் குடுத்துடறோம்" என்று ஒருவழியாக அவர்கள் இறங்கி வந்திருந்த நேரம் அது.

அக்கா கதையைச் சொல்லச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை.

"சொல்றது நான்னு என் கொழுந்தனுங்களுக்குத் தெரியக் கூடாது. வீட்டு விஷயத்த வெளிநாட்டுக்கே எழுதிப் போட்டுட்டான்னு காதுல வுழுந்துச்சோ, சம்மதம் போட வர்ற கை அப்பிடியே மடங்கிடும். அப்புறம் என் பொண்ணு காலத்துலயும் அந்தப் பேரு ஏறாது."

நான் பேரை மாற்றினேன். ஊரை மாற்றினேன். நிலத்தின் அளவையும் மகளின் படிப்பையும் மாற்றினேன். அக்காவின் குரலையும் வைக்கவில்லை. என்னோடு வேலை செய்யும் பெண், பெரிய கோயிலில் பூசை செய்யும் குடும்பத்து மருமகள், அவள்தான் எங்கள் பாடங்களுக்கெல்லாம் குரல். மணி அடித்த மாதிரி பேசுவாள். அவளே இதையும் பேசிப் பதிவு செய்தாள்.

கதையின் நடுவில், கொழுந்தன்களைப் பற்றி அக்கா ஒரு சொலவடை போடுவார். வேறு எங்கும் நான் கேட்டதில்லை. அவரே கட்டியது. கேட்டதும் சிரிப்பு வரும், கொஞ்சம் பொறுத்து வலிக்கும். அந்த ஒரு வரியை மட்டும் ஓர் எழுத்துகூடத் தொடாமல் வைத்தேன். அதில்தான் பாடமே நிற்கிறது என்று நினைத்தேன். என்ன வரி என்று கேட்காதீர்கள். இங்கே எழுதமாட்டேன்.

பாடத்தை குரூப்பில் அனுப்பினோம். மறுநாள் பௌர்ணமி. காலையில் ஒரு போன். கீழ்பென்னாத்தூர் பக்கம் மகளிர் குழுக்களைப் பார்க்கும் பணியாளர், சோதனைக் குழுவில் இருப்பவர்.

"அக்கா, குரூப்ல போட வேணாம்னு உங்களுக்குத் தனியா பேசறேன். நேத்து ஷேர் வேன்ல மூணாவது பாடத்தக் கேட்டுனு வந்தேன். இயர்போன் எடுத்தாரல, ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். பின்னாடி சீட்ல ஒரு அம்மா கூடையோட உக்காந்துனு இருந்தாங்க. அந்த வார்த்தை வந்துச்சு பாருங்க... 'அய்ய, இது எங்க தெருக்காரி ஆச்சே! அவ ஒருத்திதான் இப்பிடிப் பேசுவா'ன்னு சத்தமா சொல்லிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, வேனே சிரிச்சுது."

விசாரணைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. கோயில் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் உட்கார்ந்த இடத்திலேயே பாடத்தை எடுத்துவிட்டாள். கம்ப்யூட்டரில் இருப்பதை எடுத்துவிடலாம். வேனில் விழுந்த வார்த்தையை எங்கே போய்ப் பொறுக்குவது?

அக்காவுக்கு போன் போட்டும் பயனில்லை. அது வீட்டில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடக்கும் போன். மணி அடித்தால் சின்னக் கொழுந்தன் எடுத்தாலும் எடுப்பார். நேரில் போகவேண்டியதுதான். பௌர்ணமி அன்று டவுன் பஸ்ஸை நம்பி யார் கிளம்புவார்கள்?

"ஏறுங்கோ அக்கா" என்று அவளே ஸ்கூட்டியைத் திருப்பினாள். "ஆத்துல கிரிவலத்துக்கு வந்தவா நெறைய பேர் இருக்கா. சாயங்காலத்துக்குள்ள நான் திரும்பியாகணும்."

திண்டிவனம் ரோட்டில் தடுப்பு வைக்கத் தொடங்கியிருந்தார்கள். வேனும் பஸ்ஸும் நடையுமாக ஊரே மலையைப் பார்த்து வந்துகொண்டிருக்க, நாங்கள் இருவர் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனோம்.

"அந்த வரியச் சொல்லச்சே நான் வேற ஏத்த இறக்கத்தோட ரசிச்சுச் சொல்லியிருக்கேன்" என்றாள் வழியில்.

"கொஞ்சம் சுமாரா சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சுமாராத்தான் சொன்னேன். நீங்கதான் போறாது, போறாதுன்னு திரும்பத் திரும்பச் சொல்ல வெச்சேள்."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அன்று எதிரே வந்த ஒவ்வொரு ஷேர் வேனையும் பார்த்துப் பயந்தேன்.

அக்கா நிலத்தில் இருந்தார். பெண்கள் வரிசையாகக் குனிந்து செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கையில் இருந்த மண்ணை உதறிக்கொண்டு பம்பு செட் கொட்டகைப் பக்கம் நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். மற்றவர்கள் காதுக்கு எட்டாத தூரம் வந்ததும் திரும்பினார்.

"வேன் கதைதானே? நேத்தே வந்துடுச்சு."

"யார் சொன்னாங்க?"

"அவளேதான். கூடையோட எறங்கி நேரா எங்கிட்ட வந்தா. 'ஏண்டி, உன் பேச்சு போன்ல வருது'ன்னா."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னா சொல்றது? உக்கார வெச்சு மோர் ஊத்திக் குடுத்தேன். குடிச்சு முடிக்கட்டும்னு பாத்துனு இருந்தேன். அப்புறம் சொன்னேன், 'உன் மருமவளுக்கும் உனக்கும் நடந்துச்சே, அதை நான் கண்ணால பார்த்தேன். இது வரைக்கும் அது என் வாயிலதான் கீது. என்னுது உன் வாயில இருக்கட்டும்'னு. தம்ளரக் கழுவி வெச்சுட்டு போயிட்டா."

"வேன்ல இருந்த மத்தவங்க?"

"அவங்கல்லாம் வெளியூரு. என்னை ஆருக்குத் தெரியும்?"

"கொழுந்தனுங்க?"

"பெரியவன் இப்பதான் மல்லாட்டைக்குக் கோணிப்பை எடுத்தாந்து போட்டுட்டுப் போறான். தெரிஞ்சிருந்தா கோணியா குடுப்பான்? என்னைக் கட்டி வெக்கக் கவுறுதான் எடுத்தாந்திருப்பான்!"

தண்ணீர்த் தொட்டியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று எத்தனை முறை யார் யாருக்கோ சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது உடம்பில் தெரிந்தது. தொட்டியில் கையை விட்டு முகத்தைக் கழுவிக்கொண்டேன். பக்கத்தில் கோயில் வீட்டுப் பெண் கண்ணை மூடி மலைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள்.

அதற்குப் பிறகுதான் அக்கா திட்டத் தொடங்கினார்.

"ஏம்மா, பேர மாத்தின. ஊர மாத்தின. கொரலக் கூட மாத்திட்ட. என் வாய மட்டும் அப்பிடியே வெச்சா எவளுக்குத் தெரியாது? மாட்ட ஒளிச்சு வெச்சுட்டு மணிய ஆட்டுவியா?"

அந்த நிலையிலும் என் காது கெட்ட காது. மாடு, மணி என்று கேட்டதும் அடடா என்றிருந்தது. அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"பாரு, பாரு! திட்டும்போதே எழுதிக்கறா!" என்று இவளிடம் முறையிட்டார். மூவரும் சிரித்துவிட்டோம்.

பிறகு அவராகவே பாடத்தைக் கேட்கவேண்டும் என்றார். இவள் தன் போனில் வைத்திருந்த பிரதியை இயர்போன் மாட்டிக் கொடுத்தாள். அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் இயர்போனை முந்தானையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தாம்மா கீது. யாரோ ஒருத்தி பாவம், கஷ்டப்படறான்னு தோணுச்சு. ஆனா எனக்கு இவ்ளோ மரியாதையா பேச வராது." அப்புறம் கேட்டார். "இதை அந்த வெளிநாட்டுக்காரங்க கேப்பாங்களா?"

இல்லை என்றேன். இது பணியாளர்கள் கற்றுக்கொள்வதற்கு. இதைக் கற்றுக்கொண்டு அவர்கள் ஊர் ஊராகப் போய் இப்படிப் பலரிடம் கேட்டு, எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால், அது போகும்.

"அப்ப விஷயம் போகட்டும். என் வார்த்தைய மட்டும் எடுத்துடு" என்றார். "எனக்கு அது வீட்டுல வேணும்."

எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் சாதாரணமாக ஒரு வாக்கியம் எழுதினேன். மறுபடி பேசிப் பதிவு செய்தபோது இவள் உதட்டைப் பிதுக்கினாள். "உப்பு போடாத பொங்கல் மாதிரி இருக்கு அக்கா." இருக்கட்டும் என்றேன். அதோடு மூன்றாவது பாடத்தின் முடிவில் புதிதாக ஒரு பயிற்சி சேர்த்தோம். நாங்களே கற்பனையில் கட்டிய ஒரு பெண்ணின் பேச்சைக் கொடுத்து, பேரும் ஊரும் இல்லாவிட்டாலும் அவளைத் தெருக்காரர்கள் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டோம். குரூப்பில் இருந்தவர்கள் போட்டி போட்டுக்கொண்டு எழுதினார்கள். கூரை ஏறிக் கோழி பிடிக்கும் பழமொழியைச் சொன்னவர், அந்தப் பெண் வைத்த குழம்பை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று வாதாடினார். வேனில் கேட்டவர், இனிமேல் இயர்போன் இல்லாமல் பாடத்தைத் திறக்கக் கூடாது என்று முதல் திரையில் போடச் சொன்னார். அதையும் போட்டோம்.

விசாரணை அன்று எனக்கு வேலை ஓடவில்லை. மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன். டீக்கடைக்காரருடைய போன் என்றார் அக்கா.

"ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துட்டானுங்கமா. எம் பேரும் ஏறுது, பொண்ணு பேரும் ஏறுது. அந்த ஆபீசரு என் பேரைச் சத்தமா படிச்சாரு. நான் இன்னொருக்கா படிங்க சார்னேன். படிச்சாரு!"

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சத்தம்தான் போட்டிருக்கவேண்டும், ஒலிப்பதிவு அறையிலிருந்து கோயில் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"இப்போ வேணா என் வார்த்தைய உன் பாடத்துல போட்டுக்கயேன்" என்றார் அக்கா தாராளமாக.

ஆசை இல்லை என்று சொன்னால் பொய். "வேணாம் அக்கா. நாளைக்கும் அதே தெருவுலதானே நீங்க இருக்கணும்" என்றேன்.

"அதுவும் சரிதான். கோணிப்பை குடுத்தவனாச்சே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப உனக்கு மட்டும் கேளு. அதுக்கு இன்னைக்கு ஒரு வால் முளைச்சுக்கீது" என்று, அந்தப் பழைய வரியோடு புதிதாக இன்னொன்றைச் சேர்த்துச் சொன்னார்.

மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். இவள் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா என்ன சொன்னா? சொல்லுங்கோளேன்."

"பேரு ஏறிடுச்சாம்" என்றேன். "நீ போய்ப் பதிவைப் பாரு."