பூக்குழியில் கிடந்த ஆணி

தீமிதிக்கு விறகு கொடுப்பது பெரிய புண்ணியம் என்பார்கள். புண்ணியமாவது மண்ணாங்கட்டியாவது! நானும் ஒரு வருஷம் கொடுத்தேன். என் அண்ணன் குடும்பம் அதில்தான் நாசமாய்ப் போனது.

எழுபதுகளின் கடைசியில், எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் பழைய கட்டடங்களை இடிக்கும் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தேன். எனக்கு வயது இருபத்துமூன்று. வாய் மட்டும் நாற்பது வயதுக்காரன் வாய். அந்த வருஷம் திருவிழா நெருங்கும்போது விடாத மழை. எங்கள் வட்டாரத்துக் கோயிலில் தீக்குழிக்கென்று அடுக்கியிருந்த ரப்பர்க்கட்டை எல்லாம் ஊறிப்போய்விட்டது. கோயில்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் மார்தட்டிக்கொண்டு எழுந்தேன்.

"கவலைய விடுங்க லா. நல்லா காஞ்ச மரமா நான் கொண்டாறேன்."

நாங்கள் இடித்துக்கொண்டிருந்த ஒரு கடைவீட்டின் உத்தரங்களைத்தான் மனதில் வைத்துச் சொன்னேன். முதலாளியும் சரி என்றுவிட்டார். பூசாரி மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பழைய வீட்டு மரத்துல ஆணி இருக்கும், தம்பி. காலு வைக்கிற இடம், பாத்துக்க," என்றார்.

"இது கண்ணா, புண்ணா சாமி? நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து பிடுங்கினேன். ஒரு மண்ணெண்ணெய் டின் நிறைய ஆணி. ஆனால் பழைய உத்தரத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஆணியின் தலை துருப்பிடித்து உதிர்ந்துபோயிருக்கும். உடம்பு மட்டும் மரத்துக்குள்ளேயே கிடக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரம்பம் போடும்போது கிரீச்சென்று கத்தினால்தான் உண்டு. கத்தினால் அந்த இடத்தைப் பிளந்து எடுத்துவிட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம், கடைசிக் கட்டையில் ரம்பம் கத்தியது. ரோட்டில் கூட்டாளிகள் மோட்டார் சைக்கிளில் காத்திருந்தார்கள், படத்துக்கு நேரமாகிவிட்டது என்று. கட்டையைப் புரட்டிப் பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. அப்படியே குவியலில் வீசிவிட்டுப் படம் பார்க்கப் போனேன்.

அந்தக் குழியில் இறங்கக் காப்புக் கட்டியிருந்தவர்களில் என் அண்ணனும் ஒருவர். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். குடிகாரர். அண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்று வயது மகனைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருந்த அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது ஒன்று சொன்னார்: "ஆத்தா முன்னாடி விரதமிருந்து தீ மிதிச்சுக் காட்டட்டும். அன்னிக்கு நானே வரேன்." ஒழுங்காக விரதம் இருந்தவனைத் தீ சுடாது என்பதில் எங்கள் ஆட்களுக்குத் துளி சந்தேகம் கிடையாது.

நாற்பத்தெட்டு நாளும் நான் அண்ணனோடு ஒரே அறையில் படுத்திருந்தேன். ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை அவர். முதல் வாரம் கை நடுங்கும். நடுக்கம் தெரியாமலிருக்க உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதை நான் எந்தக் கோயிலிலும் சூடமடித்துச் சத்தியம் செய்வேன்.

தீமிதி அன்று அண்ணி வந்திருந்தார். அவருடைய அப்பாவும் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் மஞ்சள் வேட்டியோடு இறங்கினார். பாதிக் குழி வரை நல்ல நடை. திடீரென்று இடது கால் மடங்கியது. இரண்டு கையையும் கனலில் ஊன்றி விழுந்தார். ஐயோ, அந்தச் சத்தம்! இழுத்து, கால் ஆற்றக் குழி முடிவில் வெட்டியிருந்த பால்குழியில் போட்டார்கள். எனக்குப் பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான்: "தண்ணி போட்டுட்டு இறங்கியிருக்கான் லா." அண்ணியின் அப்பா பேரனின் கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஆத்தாவே காட்டிட்டா. வா," என்றார். அண்ணி போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே அண்ணன் மயக்கமாகிவிட்டார். குதிகாலிலிருந்து விரல் நீள ஆணியை எடுத்து ஒரு தட்டில் போட்டுக் காட்டினார்கள். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. துண்டுத்தாளில் சுருட்டி வாங்கிவந்து, வெளியே இருந்த லோங்காங் சாக்கடையில் போட்டேன்.

கண் விழித்ததும் அவர் கேட்டார்: "என்னமோ குத்துச்சேடா?"

"கனல்தான் அண்ணே," என்றேன்.

"காப்புக் கட்டின பிறகு ஒரு நாளு கள்ளுக்கடை வழியா வந்தேன்டா. வாசனை வந்துச்சு. நின்னு மோந்தேன். அதுக்குத்தான்," என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கோயில் காரியத்தில் ஆணி வைத்தவன் என்று ஊர் என் முகத்தில் காறித் துப்பும் என்று பயம். புண் ஆறினால் பேச்சும் ஆறிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். கோழை.

ஒரு மாதம் கழித்து, தாங்கித் தாங்கி நடக்கத் தொடங்கியதும், அண்ணன் என்னைப் பட்டர்வொர்த்துக்கு அனுப்பினார். "நீ சொன்னா நம்புவாடா. நான் குடிக்கலன்னு சொல்லு."

போனேன். அண்ணி டீ கொடுத்தார். அவருடைய அப்பா எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நீங்க கூடவே இருந்தீங்க. உண்மையச் சொல்லுங்க. அவரு குடிச்சாரா?" என்று அண்ணி கேட்டார்.

இல்லை என்றால் அடுத்த கேள்வி, பிறகு ஏன் சுட்டது என்பதுதான். அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. "எனக்குத் தெரியாது அண்ணி," என்றேன். டீயைக் குடித்துவிட்டு ஃபெர்ரி ஏறினேன். அண்ணனிடம், அவர்கள் நம்பவில்லை என்று சொன்னேன். அன்று சாயங்காலமே அவர் மறுபடியும் குடித்தார். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை.

பத்து வருஷம் கழித்து ஈரல் கெட்டு இறந்தார். அண்ணி மகனோடு வந்தார். பிள்ளைதான் கொள்ளி வைத்தான். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. சமையலறையில் அண்ணி முன்னால் நின்று ரம்பம் கத்தியதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை.

அவர் அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னிக்கு நீங்க வீட்டுக்கு வந்தப்ப, உள் ரூம்ல எல்லாத்தையும் கட்டி வச்சிருந்தேன் தம்பி. என் துணி, பிள்ளை துணி, எல்லாம். அப்பாவுக்குத் தெரியாம. நீங்க 'குடிக்கல'ன்னு ஒரு வார்த்தை சொன்னா, உங்க கூடவே கிளம்பிடலாம்னு இருந்தேன். நீங்க போன பிறகுதான் பிரிச்சேன்."