சூட்டில் நிற்கும் வண்டி

எங்கள் வண்டிக்கு என்ன கோளாறு என்று, அதை ஓட்டுகிற என்னிடம் யாரும் கேட்கவில்லை. சிங்கப்பூரில் இருக்கிற என் கணவரிடம் கேட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நிதானமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பிக்கிறேன், முடிகிறதா பார்ப்போம்.

ஒரத்தநாட்டைச் சுற்றி எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டுக்குப் போனவர் முதலில் வீடு கட்டுவார். வீட்டு முன்னால் ஷெட் போடுவார். ஷெட்டுக்குள் ஒரு கார் வாங்கி நிறுத்துவார். லீவில் வந்தால் ஒரு மாதம் ஓட்டுவார், மற்ற நாளெல்லாம் அது உறையைப் போர்த்திக்கொண்டு தூங்கும். பேட்டரி இறங்கிவிடக்கூடாதென்று தம்பியோ மச்சினனோ அவ்வப்போது ஸ்டார்ட் செய்வார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு என் கொழுந்தனாருடையது. ஸ்டார்ட் செய்கிறேன் பேர்வழி என்று கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு கல்யாணம், காதுகுத்து ஒன்று விடமாட்டார். அதை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

என் அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது. அப்பா இல்லை, நான் ஒரே பிள்ளை. வாரத்தில் மூன்று முறை தஞ்சாவூரில் டயாலிசிஸ். போகும்போது பஸ்ஸில் எப்படியோ போய்விடலாம். ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பிய பிறகு திரும்பி வருவதுதான் கொடுமை. ஒருநாள் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தவள், அப்படியே என் மேல் சரிந்துவிட்டாள். அந்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன். லைசென்ஸ் கைக்கு வந்ததும் கொழுந்தனாரிடம் போய்ச் சாவியைக் கேட்டேன். "பாத்து அண்ணி, வண்டிய எங்கயாச்சும் முட்டிடாதீங்க" என்று சொல்லிக் கொடுத்தார். மிட்டாயைப் பிடுங்கினாற்போல் முகம்.

என் கணவர் போனில் சட்டம் போட்டார். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வேகம் கூடாது. முக்கியமாக, ஓட்டும்போது போனை எடுக்கவே கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் நான் ஓட்டுகிற நேரம் பார்த்து அவரே கூப்பிடுவார்! நான் எடுக்காவிட்டால் அம்மாவின் போன் அடிக்கும். அம்மா அலறிப் புடைத்து நிமிர்ந்து உட்கார்ந்து, "மாப்ள, மாப்ள" என்று எடுத்து என் காதில் வைப்பாள். "எங்க போய்க்கிட்டு இருக்கே? வண்டி எப்டி இருக்கு?" என்பார். அம்மா எப்படி இருக்கிறாள் என்பது அடுத்த கேள்வி. சில நாள் அது வராது.

கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடிய வண்டி ஒரு அறுவடைக் காலத்தில் நின்றது. கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் நெல் லாரிகளும் டிராக்டர்களும் வரிசை கட்டியிருந்தன. பாதிச் சாலையில் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த சூட்டோடு, ஏசியும் ஓட, லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தேன். என்ஜின் சுற்றைக் காட்டுகிற முள் ஒரு துடி துடித்தது, என்ஜின் அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் சுற்றியது, பிடிக்கவில்லை. நாலு பேர் தள்ளி ஓரங்கட்டியதில் வண்டி நெல் மேல் ஏறி நின்றது.

"என்னா, நெல்லு மேல கொண்டாந்து நிப்பாட்டுற? கண்ணு தெரியல?" என்று துடைப்பத்தோடு ஓடி வந்தாள் நெல்லுக்காரி. உள்ளே அம்மா தலை சாய்ந்து கிடப்பதைப் பார்த்ததும், "அய்யய்யோ, ஆயி, கதவத் தொறங்க" என்று தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். வண்டி ஆறும்வரை அம்மாவுக்கு முந்தானையால் விசிறிவிட்டேன். பிறகு சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது சனியன்.

ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர் என் கணவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். மறுநாள் காலையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பானெட்டைத் திறந்தார். செல்போனில் வீடியோ கால் போட்டார். போனைப் பிடித்து என்ஜினைச் சுற்றிக் காட்டினார், பிள்ளைக்கு யானை காட்டுவது போல. "மாப்ள, பாருடா. என்னவா இருக்கும்?"

கடல் தாண்டி உட்கார்ந்திருந்தவர் அரை நிமிடம் பார்த்துவிட்டு, "பேட்டரிதாண்டா" என்றார்.

"அண்ணே, பேட்டரி போயிருந்தா சுத்தவே சுத்தாதுல்ல?" என்றேன். "இது நல்லா சுத்துது. புடிக்கத்தான் மாட்டேங்குது. அதுவும் சூடானா மட்டும்."

"இல்ல தங்கச்சி, இப்ப வர்ற வண்டியெல்லாம் கம்ப்யூட்டரு. வோல்டேஜ் கொஞ்சம் கொறஞ்சாலும் அதுக்குக் கோவம் வந்துரும்."

வண்டிக்குக் கோபம் வரலாம், எனக்கு வரக்கூடாது. பேட்டரி மாறியது. அடுத்த வாரமே வண்டி நின்றது. மறுபடி வீடியோ, மறுபடி மாப்ள. பின்சீட்டைத் தூக்கிப் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். ஓடியது, நின்றது. பிளக்கை மாற்றினார்கள், காயிலை மாற்றினார்கள். நன்றாக இருந்த சாமானையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, கெட்டுப்போன ஒன்றை மட்டும் பத்திரமாக உள்ளே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் சொன்னேன், சூட்டில் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்று. ஒவ்வொரு முறையும் அண்ணன் காலையில், ராத்திரியெல்லாம் குளிர்ந்து கிடந்த வண்டியை எடுத்துக்கொண்டு பைபாஸில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "வண்டி அம்சமா இருக்கு" என்பார். கோளாறு பார்க்கிற ஸ்கேனரை மாட்டினால் அதிலும் ஒன்றும் காட்டாது. காய்ச்சல் விட்ட பிறகு உடம்பைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியுமா?

கடைசியில் தீர்ப்பும் சொன்னார்கள். "மாப்ள, தங்கச்சி கிளட்ச்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுது போலருக்கு" என்றார் அண்ணன் போனில். என் கணவர் அங்கிருந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். பேட்டரி, பம்பு, பிளக்கு எல்லாம் மாற்றியாகிவிட்டது, மிச்சமிருந்த பழுதான சாமான் நான்தான்!

அன்று சாயங்காலம் அவர் கூப்பிட்டார். "இன்னொரு தடவ வண்டி நின்னுச்சுன்னா சாவியத் தம்பிகிட்ட குடுத்துடு. நடுரோட்ல நின்னு மானம் போவுது. அத்தைக்கு வேற ஏற்பாடு பாத்துக்கலாம்."

வேற ஏற்பாடு! என்ன ஏற்பாடு என்று கேட்டேன், பார்த்துக்கலாம் என்றார். கொழுந்தனாரிடம் கேட்டேன். "அண்ணி, எனக்கு வயக்காட்டு வேல கெடக்கு. வாரத்துல மூணு நாளு அங்க போயி ஒக்காந்திருக்க முடியுமா?" என்றார். அம்மா வேறு அவர்கள் பக்கமே பேசினாள். "மாப்ள சொன்னா சரியாத்தான்டி இருக்கும். ஒரு தரம் ரெண்டு தரம் போவாட்டி என்னா ஆயிடப் போவுது?" என்னாகும் என்று அவளுக்குத் தெரியாதா? மழையில் ஒருமுறை தவறிப்போனபோது நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு, படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தவள் அவள்தானே. சாவி போனால் அம்மா போய்விடுவாள். எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

அடுத்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. நல்ல வெயில். கொதிக்கிற வண்டியை நேரே ஒர்க்‌ஷாப்புக்கு விட்டு, வாசலை அடைத்தாற்போல் குறுக்கே நிறுத்தினேன். என்ஜினை அணைக்கவில்லை, ஏசியையும் அணைக்கவில்லை. ஹாரனை அமுக்கிய அமுக்கில் அண்ணன் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார்.

"ஆஃப் பண்ணிட்டு சாவியக் குடு தங்கச்சி. காலைல பாக்குறேன்."

"காலைல பாத்துப் பாத்துத்தான் இந்த லட்சணத்துல நிக்குது. இப்பப் பாருங்க."

"ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

"ஓடும். நிக்கும். நிக்கிற வரைக்கும் நீங்களும் நில்லுங்க."

பின்னால் ஒரு லோடு வேன்காரர் கத்தினார். நான் திருப்பிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது. "என்னாடி இது, ஊரே பாக்குது" என்று அம்மா என் கையைப் பிடித்தாள். பார்க்கட்டும் என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. இன்றைக்குப் பார்த்து நிற்காமல் போய்விட்டால்? வண்டி நிற்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முள் துடித்தது. என்ஜின் அணைந்தது.

அந்த மனுஷன் அப்போதும் வண்டியைப் பார்க்கவில்லை, போனை எடுத்தார். "மாப்ள, மறுபடி நின்னுடுச்சுடா." ஸ்பீக்கரில் என் கணவர் குரல் எல்லாருக்கும் கேட்டது. "நான் சொன்னேன்ல? சாவிய வாங்கி வையி. தம்பிய அனுப்புறேன்." அண்ணன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"சாவி வண்டியிலதான் இருக்கு, நான் சீட்டுல இருக்கேன்" என்றேன். "எறங்க மாட்டேன். அந்தப் போனை வச்சுட்டு ஸ்கேனர எடுத்துட்டு வாங்க. நான் சாவியத் திருப்புறேன், நீங்க பாருங்க."

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, போய் எடுத்து வந்தார். ஸ்டீயரிங்குக்கு அடியில் மாட்டினார். நான் சாவியைத் திருப்பினேன். என்ஜின் கரகரவென்று சுற்றியது. திரையில் என்ஜின் சுற்று என்ற இடத்துக்கு எதிரே பூஜ்ஜியம். மறுபடி திருப்பச் சொன்னார். மறுபடியும் பூஜ்ஜியம். துணியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். என்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சார் அங்கே இருந்தது. கட்டைவிரல் அளவுகூட இல்லை. அதன் மேல் ஈரத்துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "இப்ப அடி தங்கச்சி." அடித்தேன். ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அடியிலிருந்து எழுந்து வந்தார். "சூடானா செத்துருது. சுத்துறதே கம்ப்யூட்டருக்குத் தெரியல, அதான் பெட்ரோலும் விடல, கரண்டும் விடல. ஆறுனா உசுரு வந்துருது."

"அண்ணே, இதத்தானே நான் மொத நாள்லேருந்து சொல்றேன்?"

தஞ்சாவூருக்கு ஆள் அனுப்பிப் புது சென்சார் வாங்கிவரச் செய்தார். அது வரும்வரை அம்மா பின்சீட்டில் படுத்திருந்தாள். அண்ணன் தன் மேசையிலிருந்த ஃபேனைக் கொண்டுவந்து கதவோரம் வைத்துவிட்டார். அந்த ஒரு காரியத்துக்காகத்தான் இன்னமும் அவரை அண்ணே என்கிறேன்.

சென்சாரை மாட்டி முடித்ததும் போனை எடுத்தார். "மாப்ள, கண்டுபுடிச்சுட்டேன்டா! கிராங்க் சென்சாரு."

"நானும் அதாத்தான் இருக்கும்னு நெனச்சேன்டா" என்றார் என் புருஷன்.

கேட்டீர்களா? நினைத்தாராம்! எந்த நாளில் நினைத்தார், பேட்டரி மாற்றும்போதா, என் கிளட்ச் காலைச் சொல்லிச் சிரித்தபோதா? அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "சரி சரி. சாவி உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார், பெரிய மனசு பண்ணி.

"அது எங்கிட்டதான் இருக்கு. நீங்க ஒண்ணும் குடுக்கல" என்று சொல்லிப் போனை வைத்தேன். அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மாப்பிள்ளையிடம் இப்படியா பேசுவது என்று திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த முறை திரும்பி வரும்போது கொள்முதல் நிலையத்தின் முன்னால் அதே லாரி வரிசை, அதே வெயில். ஏசியைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தேன். கண் முள்ளின் மேலேயே இருந்தது. அது ஆடவில்லை. என் போன் அடித்து ஓய்ந்தது. உடனே அம்மாவின் மடியில் இருந்த போன் அடித்தது.

அம்மா எடுத்துப் பார்த்தாள். "மாப்ளதான்" என்றாள். பிறகு அதைக் கவிழ்த்து மடியிலேயே வைத்தாள். அது அடித்துக்கொண்டே இருந்தது.

"வண்டி ஓட்டுறப்ப போனை எடுக்கக் கூடாதுன்னு அவருதானேடி சொன்னாரு" என்றாள். "நீ ரோட்டப் பாரு."